கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம்: அப்பாவோட ஒரு லாங் வீக்எண்ட்

வெள்ளி, ராத்திரி

ஃபாரிங்டன் வந்து சேந்தாச்சு. ரெடிங்ல இருந்து ஸ்விண்டன் வரைக்கும் ரயில், அப்புறம் எஸ்6 பஸ். இது ஸ்விண்டனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவுல ஓடுறது, மாடி பஸ், அப்பா நேரா மேல ஏறி முன் சீட்ல உக்காந்துட்டார், அதுக்கப்புறம் அவர் வாயில இருந்து வந்ததெல்லாம் பயிர் பேருதான், இது கோதுமை, அது பார்லி, அந்த மஞ்சளு கடுகு மாதிரி இருக்கே என்னம்மா அது, ரேப்சீட் அப்பா, எண்ணெய்க்கு, ஓ. மே மாசம்ங்கறதால எல்லாம் பச்சையும் மஞ்சளுமா கண்ணு கூசுற அளவுக்கு இருந்துச்சு.

எதுக்கு இந்தப் பயணம்னு முதல்ல சொல்லிடறேன். அப்பா ரிட்டயர் ஆகற வரைக்கும் தஞ்சாவூர் பக்கம் நெல் கொள்முதல் வேலைல இருந்தவர், ஈரப்பதம் மீட்டர், சாக்கு, படுதா, அட்டி, லாரி, இதுதான் அவர் வாழ்க்கை. எங்க வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு, லண்டன் காமிச்சேன், டவர் பிரிட்ஜ் காமிச்சேன், "நல்லா இருக்கு"ன்னு சொன்னார், அவ்ளோதான். அந்த "நல்லா இருக்கு" எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அப்புறம் ஒருநாள் போன்ல ஒரு படம் காட்டினேன், எழுநூறு வருஷத்துக்கு மேல பழசான தானியக் கொட்டகைப்பா, சாமியாருங்க கட்டினதுன்னு. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் பாத்தார். "இதுக்குப் போலாமே"ன்னார். அம்மா பேரனை விட்டு வரமாட்டேன்னுட்டாங்க, அதனால நானும் அப்பாவும் மட்டும்.

ஃபாரிங்டன் சின்ன டவுன், நடுவுல சந்தை இடம், பழைய டவுன் ஹால் தூண்ல நிக்குது, ரெண்டு மூணு பப், ஒரு பெரிய பழைய சர்ச். அந்த சர்ச்சோட கோபுரக் கூம்பு 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்து உள்நாட்டுப் போர் காலத்துல போச்சு, அப்புறம் திருப்பிக் கட்டவே இல்ல, மொட்டையா நிக்குது. சாயங்காலம் வெளிச்சம் ஒன்பது மணி வரைக்கும் இருந்ததால ஊருக்குப் பக்கத்துல இருக்கற குன்று மேல ஏறினோம், மேல பைன் மரங்களுக்கு நடுவுல ஃபாரிங்டன் ஃபாலி, சுமார் நூறு அடி செங்கல் கோபுரம். 1935ல லார்ட் பெர்னர்ஸ்னு ஒரு ஜமீன்தார் கட்டினது. இசையமைப்பாளர், ஓவியர், அதைவிட முக்கியமா கொஞ்சம் கிறுக்கு. வீட்டுப் புறாக்களுக்கெல்லாம் கலர் கலரா சாயம் போட்டு விட்டவர், ஒரு தோழியோட குதிரையை டிராயிங் ரூமுக்குள்ளயே கூட்டிட்டு வரச்சொல்லி டீ பார்ட்டி வச்சவர், குதிரை பேரு மோட்டி, போட்டோ கூட இருக்கு. இந்தக் கோபுரத்துக்கு எந்த உபயோகமும் கிடையாது, அதுதான் இதோட பெருமைன்னு அவரே சொல்லிக்குவாராம்.

அப்பா சுத்தி ஒரு ரவுண்டு வந்துட்டு, "உள்ள என்ன வைப்பாங்க?"ன்னு கேட்டார். ஒண்ணும் இல்லப்பான்னேன். "சரி, கீழ போலாம்."

மேல இருந்து தெற்குப் பக்கம் பாத்தா நீளமா ஒரு மலைத்தொடர் தெரியும், அந்தச் சரிவுலதான் அஃபிங்டன் வெள்ளைக் குதிரை இருக்கு, சுண்ணாம்புல போட்ட 110 மீட்டர் குதிரை, சுமார் 3000 வருஷப் பழசு. இந்தத் தடவை அதுக்கு டைம் இல்ல. நாளைக்குக் களஞ்சியம்.

சனி, மதியம் ஆரம்பிச்சு ராத்திரி முடிச்சது

காலைல நடந்தே போனோம். ஃபாரிங்டன்ல இருந்து தென்மேற்கால ரெண்டு மைல் சுமாருக்கு இருக்கும் கிரேட் காக்ஸ்வெல். ஏ420 ரோட்டைத் தாண்டறதுதான் ஒரே கஷ்டம், அதுல லாரி பறக்குது, தாண்டிட்டா அப்புறம் சத்தமே கிடையாது. ஊருக்குள்ள ஒரே தெருதான்னு சொல்லலாம், தேன் கலர் கல்லு வீடுங்க, சிலதுக்கு ஓலை வேய்ஞ்ச கூரை, வேலி முழுக்க ரோஜாக்கொடி, ஒரு மனுஷன் கண்ணுல படல. ஒரு நாய் மட்டும் கேட் வரைக்கும் வந்து எங்களைப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. "ஊர்ல ஆளே இல்லையா"ன்னு அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார், என்னமோ யாராவது தூங்கிட்டிருக்கற மாதிரி.

தெரு முடியற இடத்துல ஒரு திருப்பம், ஒரு சின்ன பார்க்கிங், அதுக்குப் பின்னால புல்லுத்தரைக்கு நடுவுல அது நிக்குது. டிக்கெட் கவுண்டர் இல்ல, காபி கடை இல்ல, கழுத்துல அடையாள அட்டை தொங்கவிட்ட தாத்தா பாட்டி யாரும் இல்ல. பழைய இடங்களைப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட் அமைப்போடது, ஆனா காவலுக்கு ஆள் கிடையாது, காசு போட ஒரு பெட்டி வச்சிருக்காங்க, மனசிருந்தா போடலாம், அவ்ளோதான். 

வெளிய இருந்து பாக்கும்போது முதல்ல தெரியறது கூரைதான். சுவத்தைவிடக் கூரை பெருசு. ஓடு இல்ல, கல்லு, காட்ஸ்வோல்ட் கல்லைப் பலகை பலகையா உடைச்சுப் போட்டது, விளிம்புல பெரிய பெரிய கல்லு, மேல போகப்போக சின்னதாயிட்டே போகுது. மழைத்தண்ணி மொத்தமா சேர்றது விளிம்புலதானே, அங்க இணைப்பு குறைச்சலா இருக்கணும், அதோட கனமான கல்லை சுவத்துக்குப் பக்கத்துல வச்சா மரத்துக்கும் சுமை குறைச்சல். சுவர்ல அங்கங்க சின்னச் சின்ன சதுர ஓட்டைங்க வரிசையா இருக்கு, நான் காத்தோட்டத்துக்குன்னு நினைச்சேன், அதுக்கும் உபயோகப்படும்தான், ஆனா அடிப்படையில அது சாரம் கட்டின குச்சிங்க சொருகின ஓட்டைங்க, கட்டி முடிச்சதும் குச்சியை உருவிட்டு அப்படியே விட்டுட்டாங்க. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி மேஸ்திரி எந்த உயரத்துல நின்னு வேலை பாத்தான்னு இப்பவும் கை வச்சுக் காட்டலாம். 

உள்ள போனோம்.

அளவை முதல்ல சொல்லிடறேன்: 152 அடி நீளம், 44 அடி அகலம், 48 அடி உயரம். நம்பரா படிக்கும்போது ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியல, உள்ள போனதும் தலை தானா மேல போச்சு. ரெண்டு வரிசையா ஓக் மரத் தூண், ஒரு பக்கம் ஆறு, எதிர்ல ஆறு, நடுவுல அகலமான பாதை, ரெண்டு பக்கமும் தாழ்வாரம். மேல உத்திரம், சாய்வுச் சட்டம், கைமரம், விட்டம்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏறி அந்த இருட்டுக்குள்ள போகுது. ஆணி கிடையாது. ஒரு மரத்துல துளை போட்டு இன்னொண்ணோட முளையை உள்ள விட்டு, குறுக்கால ஓக் ஆப்பு அடிச்சு இறுக்கியிருக்காங்க. அந்தக் காலத்து தச்சனுங்க ஓக்கைப் பச்சையா இருக்கும்போதே வேலை பாத்துடுவாங்க, காஞ்சா இரும்பு மாதிரி ஆயிடும், உளி இறங்காது. பச்சை மரம் கூரையில நின்னுக்கிட்டே வருஷக்கணக்கா காயும், காயக்காய முறுக்கிக்கும், அந்த முறுக்குல இணைப்பு இன்னும் கெட்டியாகும். சில சட்டங்க நேராவே இல்ல, வளைஞ்சு நெளிஞ்சு இருக்கு, மரம் காட்டுல எப்படி வளைஞ்சுதோ அந்த வளைவைத் தேடிப்பிடிச்சு அதுக்கேத்த இடத்துல வச்சிருக்கான். தூணுக்குத் தூண் நடுவுல சுவர்ல இருந்தே கிளம்பி வளைஞ்சு மேல போற சட்டங்க இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

அப்பா இதையெல்லாம் பாக்கவே இல்ல. அவர் குனிஞ்சு தூணோட அடியைப் பாத்துட்டிருந்தார்.

தூண் தரையில நிக்கல. ஒவ்வொரு தூணுக்கும் கீழ கல்லுல ஒரு பீடம், அது ஏறக்குறைய ஏழு அடி உயரம், என்னைவிட உயரம், அதுக்கு மேலதான் மரமே ஆரம்பிக்குது. அப்பா அதைக் கையால தட்டித் தட்டிப் பாத்தார். "ஈரம் ஏறாது. மாடு வண்டி வந்து இடிச்சாலும் மரம் அடிபடாது. ஏழடிக்கு கல்லு வச்சான் பாத்தியா, ரெண்டடி போதும்னு நினைக்கல." அவர் வேலையில அட்டிக்கு அடியில சவுக்குக்கட்டை போட்டு அதுக்கு மேல மூட்டை அடுக்குவாங்க, தரை ஈரம் நெல்லுக்கு ஏறக்கூடாதுன்னு, அந்த விஷயத்தை எத்தனையோ தடவை வீட்டுல சொல்லிக் கேட்டிருக்கேன். இங்க மூட்டைக்கு இல்ல, கட்டடத்துக்கே சவுக்குக்கட்டை போட்டிருக்கான்.

"எலிக்கு என்ன பண்ணுவாங்க?"

"தெரியலப்பா, பூனை வச்சிருப்பாங்களா இருக்கும்."

"பூனை பத்தாது"ன்னார், ரொம்ப சீரியஸா.

இது எப்படி வேலை செஞ்சுதுன்னு அங்கயே நின்னு பேசிட்டிருந்தோம். நம்ம ஊர் மாதிரி இல்ல இங்க, அறுத்த உடனே களத்துல அடிச்சு நெல்லா உள்ள போட முடியாது, மழை விடாது, அறுப்புக்காலம் முடிஞ்சதுமே குளிரும் வந்துடும். அதனால கதிரோட, தாளோட, கட்டு கட்டா வண்டியில கொண்டுவந்து உள்ள ரெண்டு பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கிடுவாங்க. அதுக்குத்தான் இந்த உயரம். அப்புறம் குளிர்காலம் முழுக்க உள்ளயே உக்காந்து தேவைக்கேத்தபடி கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, கம்பால அடிப்பாங்க, ரெண்டு கட்டையைத் தோல்வார்ல இணைச்ச மாதிரி ஒரு கருவி. நீளவாட்டுச் சுவர் ரெண்டுலயும் எதிர் எதிரா வாசல் இருக்கு, நடுவுல இருக்கற அந்த இடம்தான் களம். ரெண்டு கதவையும் திறந்தா காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய போகும், அதுல தூத்தினா பதர் பறந்துடும், மணி கீழ விழும். குடோனும் களமும் ஒரே கூரைக்கு அடியில. அப்பா போய் அந்த நடு இடத்துல நின்னு பாத்தார், காத்து வருதான்னு. வந்துச்சு. சட்டை படபடன்னு அடிச்சுது, அவர் முகத்துல வந்த சந்தோஷத்தை டவர் பிரிட்ஜ்ல நான் பாக்கல.

ரெண்டு கோடியிலயும் இருக்கற பெரிய கதவுங்க அந்தக் காலத்துது இல்ல, 18-ம் நூற்றாண்டுல வண்டி பெருசானப்ப சுவத்தை உடைச்சு வச்சது. 

சரி யாரு கட்டினாங்க, அதுக்கு வரேன். இங்கிலாந்து ராஜா ஜான், அதான் பிரபுக்கள் எழுதி வாங்கின மேக்னா கார்ட்டா உரிமை சாசனத்துல மாட்டினவர், அவருக்கும் சிஸ்டர்சியன்ங்கற கத்தோலிக்கத் துறவிகளுக்கும் வரி விஷயத்துல பெரிய சண்டை. ஒருநாள் ராத்திரி அந்த மடாதிபதிங்க எல்லாம் சேந்து தன்னை சாட்டையால அடிக்கற மாதிரி கனவு வந்துச்சாம், பயந்துபோய் அவங்களுக்கு ஒரு மடம் கட்டித்தரேன்னு ஒத்துக்கிட்டாராம். இது கதை. கதை எப்படியோ, 1203ல ஃபாரிங்டன் பண்ணையை அவங்களுக்கு எழுதிக் குடுத்தது நிஜம். அடுத்த வருஷமே மடம் தெற்கே நியூ ஃபாரஸ்ட்ல ப்யூலி அப்படிங்கற இடத்துக்கு மாறிடுச்சு, ஆனா ஃபாரிங்டன் நிலம் அவங்க கையிலயே இருந்துச்சு. கடலோரம் மடம், இங்க விளைச்சல். அந்த விளைச்சலை வைக்கக் கட்டினதுதான் இது. துறவிங்கன்னா ஏதோ தியானம் பண்ணிட்டு இருந்தாங்கன்னு நினைக்காதீங்க, கணக்குல புலி, 1269-70 வருஷத்து வரவு செலவு நோட்டு இன்னைக்கும் இருக்கு, ஃபாரிங்டன் பண்ணைக் கணக்கும் அதுல இருக்கு. வெள்ளை அங்கி போட்ட துறவிங்க ஜபம் பாத்துப்பாங்க, படிக்காத துறவிச் சகோதரர்கள்னு இன்னொரு கூட்டம் உண்டு, அவங்கதான் வயல்ல பாடுபடறவங்க. 13-ம் நூற்றாண்டு முடியறப்ப அவங்களும் குறைஞ்சு போய் கூலி ஆளுங்கதான் அதிகம்.

இதை நெட்ல பாதி பேரு தசமபாகக் களஞ்சியம்னு எழுதுறாங்க, அதாவது ஊர்க்காரங்க விளைச்சல்ல பத்துல ஒண்ணு சர்ச்சுக்குக் குடுப்பாங்களே, அதைச் சேத்து வைக்கற இடம்னு. அது தப்பு. இது மடத்தோட சொந்தப் பண்ணைக் களஞ்சியம், சொந்த வயல்ல விளைஞ்சது. இன்னும் சொல்லப்போனா சிஸ்டர்சியன் ஆளுங்களுக்கு அவங்களே பயிர் பண்ற நிலத்துக்கு தசமபாகமே கட்ட வேண்டாம்னு போப் சலுகை குடுத்திருந்தார், மத்த பாதிரிங்க எல்லாம் வயிறெரிஞ்சு கத்தினதுல 1215ல ரோம்ல கூடின சபையில, இனிமே புதுசா வாங்கற நிலத்துக்கு இது கிடையாதுன்னு கொஞ்சம் இழுத்துப் பிடிச்சாங்க. ஆக வரி வாங்கின கட்டடம் இல்ல, வரிச்சலுகை வாங்கினவங்க கட்டடம். இதைச் சொன்னதும் அப்பா சிரிச்ச சிரிப்புல மேல இருந்த குருவி பறந்துச்சு.

வயசு விஷயத்துல முன்னாடி ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள கருத்து வேறுபாடு இருந்துச்சு, சிலர் 13-ம் நூற்றாண்டு நடுவுலன்னாங்க, சிலர் 14-ம் நூற்றாண்டுன்னாங்க. அப்புறம் மரத்துல துளை போட்டு வளையத்தை எண்ணிப் பாத்தாங்க, மழை நல்லா பெஞ்ச வருஷம் வளையம் தடிமனா இருக்கும், காஞ்ச வருஷம் மெலிசா இருக்கும், அந்த வரிசையை ஏற்கனவே தேதி தெரிஞ்ச மரங்களோட பொருத்தினா எந்த வருஷம் வெட்டினாங்கன்னே சொல்லிடலாம். வந்த பதில் 1292-ஐ ஒட்டி. எட்வர்ட் முதலாம் ராஜா காலம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். 1538ல எட்டாம் ஹென்றி ஆளுங்க வந்து ப்யூலி மடத்தை எழுதி வாங்கிட்டாங்க. அந்த மடத்தோட பெரிய சர்ச்சை இடிச்சுத் தள்ளிட்டாங்க, கல்லும் ஈயமும் கடலோரக் கோட்டை கட்டப் போச்சு. துறவிங்க சாப்பிட்ட கூடம் மட்டும் தப்பிச்சு ஊர் சர்ச் ஆச்சு. இன்னைக்கு ப்யூலி போனா அந்தப் பெரிய சர்ச் இருந்த இடத்துல புல்லுத்தரையில கோடு மட்டும்தான் பாக்கலாம். கடவுளுக்குன்னு கட்டினதுக்கு அந்த கதி. இங்க கோதுமைக்குன்னு கட்டினது அப்படியே நிக்குது. காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, புதுசா வாங்கினவனுக்கும் அறுவடை வரும், அவனுக்கும் மழைக்கு ஒதுங்க இடம் வேணும். அவனுக்கு அடுத்து வாங்கினவனுக்கும் அப்படித்தான். துறவி போனாலும் கோதுமை வந்துட்டேதான் இருந்துச்சு. யாரும் இதைப் பாதுகாக்கணும்னு நினைச்சுப் பாதுகாக்கல, கூரை ஒழுகினா விளைச்சல் போயிடும்னு கல்லை மாத்திட்டே இருந்திருக்காங்க. அழகுக்காக நிக்கறதைவிட அவசியத்துக்காக நிக்கற கட்டடத்துக்கு ஆயுசு கெட்டின்னு எனக்குத் தோணுது, அப்பா அதை ஒத்துக்கல, "அவசியம் தீந்ததும் இடிச்சிருப்பான், யாரோ குறுக்க வந்திருக்காங்க"ன்னார். அதுவும் சரிதான், அந்தக் கதை நாளைக்கு.

நாங்க உள்ள இருந்தப்போ வேற ஒரே ஒரு குடும்பம் வந்துச்சு, ரெண்டு பசங்க, வந்ததும் அந்த நீளத்துக்கு ஓட ஆரம்பிச்சுட்டாங்க, ஓடறாங்க, கத்தறாங்க, எதிரொலி பெருசா இல்ல, மரம் எல்லாத்தையும் உறிஞ்சிக்குது. அந்தப் பசங்களோட அம்மா எங்ககிட்ட சாரி சொன்னாங்க, அப்பா கையை ஆட்டி "ஓடட்டும் ஓடட்டும்"னு தமிழ்லயே சொல்லிட்டார், அவங்களுக்குப் புரிஞ்சுது.

மதியம் கொண்டுபோன தயிர்சாதம், மாவடு. வெளிய புல்லுல உக்காந்து சாப்பிட்டோம். அப்புறம் ஊர் சர்ச் செயின்ட் கைல்ஸ், சின்னது, அழகா இருக்கு, சீக்கிரம் பாத்துட்டு வந்துட்டோம். அப்பாவுக்கு இன்னொரு தடவை களஞ்சியம் போகணும்னார், போனோம், அந்தத் தடவை அவர் காலடியால அளந்தார், தூணுக்குத் தூண் எத்தனை அடி, தாழ்வாரம் எத்தனை அடி, எல்லாம் ஒரு பழைய டைரியில எழுதிக்கிட்டார். ராத்திரி ரூம்ல உக்காந்து எத்தனை டன் பிடிக்கும்னு கணக்குப் போட்டுட்டிருக்கார். கதிர்க்கட்டோட அடர்த்தி என்ன எடுத்துக்கறதுன்னு என்னைக் கேக்கறார். நான் தூங்கப் போறேன்.

ஞாயிறு, ஸ்விண்டன் ஸ்டேஷன்ல உக்காந்து

காலைல ஒரு டாக்ஸி பேசிக்கிட்டோம், இன்னைக்கு பஸ் கம்மி, அப்பா நேத்து நடந்ததுல முட்டி பிடிச்சுக்கிச்சு, ஒத்துக்க மாட்டார், மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சு இறங்கறதைப் பாத்தே தெரிஞ்சுது.

முதல்ல கோல்ஸ்ஹில். காக்ஸ்வெல்லுக்கு மேற்கால ரொம்பக் கிட்ட. இந்த எஸ்டேட்டோட ஒரு பகுதியாத்தான் களஞ்சியம் இருந்துச்சு. இங்க 17-ம் நூற்றாண்டு மாளிகை ஒண்ணு இருந்துச்சு, இங்கிலாந்துலயே பேர்போன வீடுங்கள்ல ஒண்ணு. ரெண்டாம் உலகப்போர்ல, 1940ல, ஜெர்மன்காரன் இறங்கிட்டா மறைஞ்சிருந்து தாக்கறதுக்குன்னு ரகசியப் படை ஒண்ணு ஆரம்பிச்சாங்க, விவசாயிங்க, வேட்டைக்காரங்க இந்த மாதிரி ஊரைத் தெரிஞ்ச ஆளுங்களா பாத்து எடுத்தது, அதோட பயிற்சி இடம் இந்த மாளிகைதான். வர்றவங்களுக்கு இந்த முகவரியே தெரியாது, பக்கத்து ஹைவொர்த் ஊர் போஸ்ட் ஆபீஸுக்குப் போகச் சொல்வாங்க, அங்க மேபல் ஸ்ட்ராங்க்ஸ்னு போஸ்ட்மிஸ்ட்ரஸ், அந்தம்மா ஆளைப் பாத்து, விசாரிச்சு, சரின்னு பட்டாதான் கோல்ஸ்ஹில்லுக்கு போன் அடிப்பாங்க. நாட்டோட ரகசியப் படைக்கு வாசல் ஒரு தபால் கவுண்டர். போர் எல்லாம் தாண்டி நின்ன வீடு, 1952ல ரிப்பேர் வேலை நடந்துட்டிருந்தப்ப தீப்பிடிச்சுப் போச்சு. மிச்சத்தை இடிச்சுட்டாங்க. 

இப்ப அப்பா சொன்ன "குறுக்க வந்த ஆளு". எர்னஸ்ட் குக்னு பேரு. தாமஸ் குக் டிராவல் கம்பெனி தெரியுமில்ல, டூர் அழைச்சிட்டுப் போறதை ஒரு தொழிலாவே ஆக்கினவர், அவரோட பேரன். 1928ல அண்ணன் தம்பி சேந்து கம்பெனியை வித்துட்டாங்க, கையில நிறைய பணம், இவர் அந்தப் பணத்துல எஸ்டேட் எஸ்டேட்டா வாங்க ஆரம்பிச்சார், துண்டு துண்டா விக்காம இருக்கணும்னே. கோல்ஸ்ஹில், பக்கத்துல பஸ்காட், எல்லாம் அவர் வாங்கினது. 1955ல செத்துப்போனார், உயில்படி 1956ல கோல்ஸ்ஹில்லும் அதோட நம்ம களஞ்சியமும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா வேடிக்கையா இருக்கு, கூட்டம் கூட்டமா ஜனங்களை ஊர் சுத்த வச்ச காசுல, கூட்டமே வராத ஒரு களஞ்சியம் தப்பிச்சிருக்கு.

அடுத்து கெல்ம்ஸ்காட். வழியில ராட்காட் பாலம், தேம்ஸ் மேல இன்னும் நிக்கற ரொம்பப் பழைய பாலங்கள்ல ஒண்ணு, வண்டியை நிறுத்தி எட்டிப் பாத்தோம். லண்டன்ல பாத்த தேம்ஸா இதுன்னு அப்பா நம்பவே இல்ல, நம்ம குடமுருட்டி அகலம்தான் இருக்கும், வாத்து நீந்துது. 

கெல்ம்ஸ்காட்டுல வில்லியம் மாரிஸ் வீடு. சுவர்ல ஒட்டற டிசைன் காகிதம், இலை பூ பறவைன்னு பாத்திருப்பீங்க, அந்த மாரிஸ். 1871ல ஓவியர் ராசெட்டியோட சேந்து இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். இங்க வர்ற விருந்தாளிங்களை எல்லாம் கூட்டிக்கிட்டுப் போய் காக்ஸ்வெல் களஞ்சியத்தைக் காட்டுவாராம், கதீட்ரலுக்கு சமமா கம்பீரமானதுன்னு சொல்வாராம். இந்தக் களஞ்சியம் பேர் வெளிய தெரிஞ்சதே பாதி அவராலதான். வீடு ஞாயித்துக்கிழமை பூட்டு, அது முன்னாடியே தெரியும், நாங்க வந்தது சர்ச் தோட்டத்துல இருக்கற அவர் கல்லறைக்கு. 1896ல இறந்தார், நண்பர் ஃபிலிப் வெப் வடிவமைச்சது, நீளமா ஒரு கல்லு, வீட்டுக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிவா. ஆடம்பரம் ஒண்ணும் கிடையாது.

இங்க நின்னுட்டு இருந்தப்ப மாரிஸ் மேல எனக்கு மரியாதை வந்தது வால்பேப்பருக்காக இல்ல. அவர் காலத்துல பழைய சர்ச்சுகளைப் புதுப்பிக்கறோம்னு சொல்லி பிளாஸ்டரை சுரண்டி, பின்னாடி சேத்ததையெல்லாம் இடிச்சு, தாங்களா ஒரு மத்தியகாலத்தைக் கற்பனை பண்ணிக் கட்டிட்டிருந்தாங்க. இவர் 1877ல பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் ஆரம்பிச்சார், அவங்க சொன்னது ரொம்ப சிம்பிள், தினப்படி பராமரிச்சுக்கிட்டே இரு, ஓடு போனா ஓடு போடு, புதுசாக்காதே. நம்ம ஊர்ல ஆயிரம் வருஷத்துக் கல்லு மண்டபத்துல எனாமல் பெயிண்ட் அடிச்சு, தரைக்கு வழவழன்னு டைல்ஸ் ஒட்டி வச்சிருக்கறதைப் பாத்து மனசு நொந்தவங்களுக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும்.

அப்பா கேட்டார், "அவருக்கு எப்படித் தெரியும் அது உசத்தின்னு? அவர் என்ன விவசாயியா?" கைவேலைக்காரர்ப்பா, தறி, சாயம், அச்சு எல்லாம் கையால செஞ்சு பாத்தவர்னேன். "அப்ப சரி."

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வாரநாள்ல போங்க, நல்ல மழைக்கு ஏத்த ஷூ போடுங்க, உள்ள வெளிச்சம் கம்மி, கண்ணு பழகப் பத்து நிமிஷம் ஆகும், அந்தப் பத்து நிமிஷம் நிக்காம போட்டோ எடுத்துட்டு ஓடினா பாதி சட்டங்க தெரியாது. டாய்லெட், டீக்கடை எல்லாம் ஃபாரிங்டன்லயே முடிச்சுக்கங்க. மாரிஸ் வீட்டுக்கு உள்ள போகணும்னா வியாழன், வெள்ளி, சனி, அதுவும் வெயில்காலம் மட்டும்தான், கிளம்பறதுக்கு முன்னாடி ஒருதடவை செக் பண்ணிக்குங்க.

அப்பா கணக்கு இன்னும் முடியல, ரயில் லேட்டுன்னு போர்டுல போட்டதும் டைரியை மறுபடி எடுத்துட்டார். நடுவுல தலையை நிமிர்த்தி "இந்த மாதிரி வேற எங்க இருக்கு?"ன்னார். பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன்ல ஒண்ணு இருக்குப்பா, 14-ம் நூற்றாண்டு, ஷாஃப்ட்ஸ்பரி கன்னியாஸ்திரிங்களோடது, 168 அடி நீளம், அதுல நடுவுல தூணே கிடையாது, சுவர்ல இருந்து வளைஞ்சு போற மரமே மொத்தக் கல்லுக் கூரையையும் தாங்குதுன்னேன். தூண் இல்லாம கல்லுக் கூரையா, அது எப்படி நிக்கும்னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டார். அடுத்த மாசத்துக்கு டிக்கெட் பாத்துட்டிருக்கேன், அம்மாவும் பேரனைக் கூட்டிக்கிட்டு வரேன்னா நாலு பேரா போவோம்.